வெங்காயக் கலர் ஜாக்கெட் துணி

தென்காசி ரத வீதியில் என் கடை. ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை என்று புடவையைத் தவிர புடவைக்கு வேண்டிய எல்லாம் விற்கிற மேட்சிங் சென்டர். ஒரு காலத்தில் துணி கிழிக்க எனக்கு இரண்டு கை போதாது. இப்போது ஈ ஓட்டுகிறேன் என்று சொல்லலாம்தான். ஆனால் ஈகூட எதிரே இருக்கிற இனிப்புக் கடைக்குப் போய்விடுகிறது.

இடதுபுறம் இருந்த பாத்திரக்கடையை அடைத்துவிட்டார்கள். ஷட்டரில் மாட்டிய 'வாடகைக்கு' போர்டும் வெளிறிவிட்டது. வலதுபுறக் கடை ஆன்லைன் பார்சல்களின் கிடங்கு. காலையில் இரண்டு பேர் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போனால் அதோடு சரி. சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் வேன் வேனாக என் வாசலைக் கடக்கிறார்கள். வண்டி நிறுத்த இடமில்லை. நிறுத்தினாலும் அருவிக்குப் போகிறவளுக்கு லைனிங் துணி எதற்கு? வாய் திறந்து யாரோடும் பேசாமல் கழிந்த நாட்கள் உண்டு. காலையில் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தும்போது முணுமுணுத்ததுதான் அன்றைய பேச்சு. தனியாள் நான், வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். கடையில் இருந்துகொண்டு 'இல்லை' என்று சொல்ல மாட்டோம். அந்தச் சொல் கடைக்கு ஆகாது. கேட்ட சரக்கு கையில் இல்லாவிட்டால் 'வருது' என்போம். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். புரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அடுத்த கடை என்று ஒன்று இருந்தவரை இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அச்சன்புதூரிலிருந்து ஒருத்தி பதினைந்து வருஷமாக என்னிடம்தான் துணி எடுத்தாள். அங்கன்வாடியில் வேலை. எடுத்து முடித்த பிறகும் ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவாள். மாமியாரோடு சண்டை, கண்டக்டரோடு சண்டை, எல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படி உட்கார்ந்து பேசுகிற ஆள் கடைசியில் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள்.

இந்த வைகாசியில் ஒரு புடவையோடு வந்தாள். செங்கோட்டையில் அவள் தம்பி வீடு கட்டியிருந்தான். பால்காய்ப்புக்கு அவன் எடுத்துக் கொடுத்த புடவை, வெங்காயக் கலர். கூட வந்த ஜாக்கெட் துணி சல்லடை மாதிரி மெலிசு.

"தம்பி மொத மொதல்ல எடுத்துத் தந்தது, அக்கா. அன்னைக்கு இதத்தான் கட்டணும். நல்ல காட்டன்ல குடுங்க."

தட்டுகளைப் புரட்டினேன். அரக்கு, ரோஸ், காபி எல்லாம் இருந்தன. டியூப்லைட்டை நம்பாமல் ஒவ்வொன்றாக வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் புடவையோடு வைத்துப் பார்த்தோம். ஒன்றும் சேரவில்லை.

"வருது. திங்கக்கெழம வந்துரும்," என்றேன்.

வருவதற்கு வழியே இல்லை. நான் எடுக்கிற கொஞ்சத் துணிக்காக ஆள் அனுப்புவதை மதுரை வியாபாரி எப்போதோ நிறுத்திவிட்டார். வெறும் 'வருது' என்று விட்டிருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். கிழமையை ஏன் சேர்த்தேன்? அந்தக் கிழமை அவள் மறுபடி வருவாள் என்பதற்காகத்தான்.

வந்தாள். உட்கார்ந்தாள். பேசினோம். கிளம்பும்போது, "லாரி ஆபீஸ்ல கெடக்கு, வெள்ளிக்கெழம எடுத்து வச்சிருதேன்," என்று அள்ளிவிட்டேன். வெள்ளிக்கிழமையும் வந்தாள். வெட்கக்கேடு, அவள் வருவாள் என்று நான் முறுக்கு வாங்கி வைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு அத்தனை சந்தோஷம். "புதன்கெழம கண்டிப்பா," என்றேன்.

புதன்கிழமை நல்ல சாரல். பாதி நனைந்து வந்தாள். பால்காய்ப்புக்கு இரண்டே நாள்.

"இன்னைக்கே துணி தந்தாத்தான் தைப்பேன்னு டெய்லர் சொல்லுதா. குடுங்கக்கா, நிக்க நேரமில்ல."

அந்த அவசரத்தைப் பார்த்ததும் இன்னொரு பொய்க்கு நாக்கு எழவில்லை.

"வராதும்மா. நான் சரக்குக்குச் சொல்லிவிடவே இல்ல."

"அப்ப ஏன்க்கா மூணு வாட்டி வரச் சொன்னிய? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போன்லயாவது ஆர்டர் போட்டிருப்பேன்லா. லீவு சொல்லிட்டுல்லா வருதேன்!"

"நீ வந்தா கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருக்கலாம்னுதான் சொன்னேன்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். புடவையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சும்மா வாடின்னு கூப்பிட்டிருந்தா சும்மாவே வந்திருப்பேனேக்கா," என்றாள். குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

தம்பி வீட்டுக்கு எதைக் கட்டிக்கொண்டு போனாளோ. நினைத்தால் சோறு இறங்குவதில்லை. ஆனி, ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது, அவள் வரவில்லை. அச்சன்புதூருக்குப் போய் அவள் முன்னால் நிற்க எனக்கு முகமில்லை. போனில் கூப்பிடலாம் என்றால், கடைக்கு வருகிறவர்கள் தாங்களாகவே வருவார்கள் என்று உட்கார்ந்தே பழகிவிட்டவள் நான். பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் நம்பரைக் கேட்டு வாங்கவில்லை.