ரோச்… கிடைக்கவில்லை

இது நடந்தது. கதை கட்டிப் பிழைக்கும் ஆள் நானில்லை, விஜிலாவும் இல்லை. லீவு கேட்கும்போது வயிற்றுவலி என்று புளுகுவாள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இதில் அவள் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. பேய் என்றால் நடு ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள், உச்சிப் பொழுதில் தனியாகப் போகாதே என்று வீட்டில் சொன்னதை மறந்திருப்பார்கள்.

தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில் ஒரு சின்னக் கம்பெனி. விஜிலா அங்கே புரோகிராமர். கடலுக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி செய்கிறார்கள். எங்கே நிற்கிறோம் என்று அது காட்டும். அவள் கணவன் ரோச்சும் அதைக் கட்டிக்கொண்டுதான் புன்னைக்காயலில் இருந்து போனான். வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போன மூன்று பேரும் கரை சேர்ந்தார்கள். ரோச் வரவில்லை.

மூன்று வாரம் தேடினார்கள். பெட்டியின் பேட்டரி இரண்டே நாளில் செத்துவிடும், அதனால் அதை நம்பியும் பயனில்லை. உடல் இல்லாமல் எதைப் புதைப்பது? மாமியார் இசபெல்லா தினமும் வாசலில் நின்று கேட்பாள்.

"ஏளா, கெடச்சானா?"

"இல்ல மாமி."

வீட்டில் அவ்வளவுதான் பேச்சு. விஜிலாவுக்கு அழுகை வரவில்லை. மனசு மரத்துப்போன கால் மாதிரிக் கிடந்தது. அவன் கிடைக்க வேண்டும், ஒரு பிடி மண் போட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பெட்டிக்குப் புது வெர்ஷன் தயாராக வேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தால் பெட்டி தானாகக் கத்தும். பழைய பெட்டிகள் கத்தாது. கத்த வைக்க வேண்டுமென்றால் கேபிள் போட்டு ஒவ்வொரு பெட்டியிலும் புது வெர்ஷனை ஏற்ற வேண்டும். அந்தக் கேபிள் ஆபீஸில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் விஜிலாவின் மேசை டிராயரில்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே ஆபீஸுக்குப் போனாள். வேறு யாருமில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைப் பறித்தது.

எழுதியதை எல்லாம் சேர்த்துப் பெட்டியில் ஏற்றும்படி ஒரே புரோகிராமாக்குவதைக் கட்டுவது என்பார்கள். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு கருவியை ஓட விடுவார்கள். சமைக்கும் முன் அடுப்பு எரிகிறதா, உப்பும் புளியும் எந்த டப்பாவில் என்று பார்ப்பதில்லையா, அந்த வேலைதான். எழுதியதைப் பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலரை அதற்குக் காட்ட வேண்டும். பிறகு அது தேவையான லைப்ரரிகளை, அதாவது ஏற்கெனவே எழுதி வைத்த துணைப் புரோகிராம்களை, கம்ப்யூட்டர் முழுக்கத் தேடும். இங்கிலீஷில்தான் எழுதும். தமிழில் சொன்னால் இரண்டே பதில். கிடைத்தது. கிடைக்கவில்லை.

கம்பைலர் சரி. லைப்ரரிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. கடைசியில் ஒரு வரி.

ரோச்… கிடைக்கவில்லை.

விஜிலா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு லைப்ரரி கிடையாது. கை தவறி நானே எழுதிவிட்டேனோ என்று எல்லா ஃபைலிலும் அந்தப் பெயரைத் தேடினாள். ஒன்றிலும் இல்லை.

முன்பு தேடியதை அந்தக் கருவி ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதற்குக் கேஷ் என்று பெயர். கோளாறு வந்தால் முதலில் அதைத்தான் அழிப்பார்கள். அழித்தாள். மறுபடி ஓட விட்டாள்.

இந்த முறை ஒரு கண்சிமிட்டலில் முடியவில்லை. வரிகள் மெதுவாக வந்தன.

ரோச்… புன்னைக்காயல்… கிடைக்கவில்லை.

என்டர் கீ ஈரமாக இருந்தது. விரலை உதட்டில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

ரோச்… ஆலந்தலை… கிடைக்கவில்லை.

தெற்கே போகிறது. கரையோரமாகவே போகிறது.

ரோச்… குலசேகரன்பட்டினம்… கிடைக்கவில்லை.

ஏசி நின்றது. அறைக்குள் பாசி வாடை. பின்னால் சொட்டு… சொட்டு… என்று தண்ணீர் விழுந்தது.

திரும்பவில்லை.

பயந்திருக்க வேண்டும். பயம்கூட வரவில்லை.

ரோச்… மணப்பாடு…

நின்றது.

சொட்டு…

சொட்டு…

கிடைத்தது.

எல்லாம் கிடைத்துவிட்டால் அடுத்தது கட்டுவதுதான். பழக்க தோஷம், கை தானாகவே தட்டியது. புரோகிராம் தயாரானபோது மணி பன்னிரண்டு பத்து. அப்போதுதான் திரும்பினாள். நாற்காலிக்குப் பின்னால் தரை நனைந்திருந்தது. யாரும் இல்லை.

இரண்டு மணிக்கு ரோச்சின் தம்பி மெல்வின் போன் பண்ணினான்.

"மைனி… அண்ணன் கெடச்சிட்டான்."

"மணப்பாடா?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"எப்படிக் கண்டுபிடிச்சாவ?"

"கரையில வல பாத்துக்கிட்டு இருந்தவுகளுக்குப் பாறைக்குள்ள இருந்து சத்தம் கேட்டிருக்கு. பீப்… பீப்னு. இடுப்புப் பெட்டிதான். மணி பன்னெண்டு பத்து இருக்கும்னாவ."

பழைய பெட்டி கத்தாது என்று விஜிலா அவனிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அடக்கம். விஜிலா மண் போட்டாள். இசபெல்லா கதறினாள். விஜிலாவுக்கு அப்போதும் கண் நனையவில்லை.

மறுநாள் மெல்வின் பெட்டியை ஆபீஸில் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டி செத்துக் கிடந்தது. அவளுக்கு மேலே வேலை பார்க்கும் ஜோன்ஸ் அவளிடம் கேபிளை வாங்கி மாட்டிக் கரண்ட் கொடுத்தான். உள்ளே இருக்கும் லைப்ரரிகளின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. கடைசிப் பெயர், ரோச். விஜிலா தன் கம்ப்யூட்டருக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கே அந்தப் பெயரே இல்லை.

"விஜிலா, இங்கன வா. இதுல புது வெர்ஷன்லா கெடக்கு! நாம இன்னும் ஒரு பெட்டியிலயும் ஏத்தலையே. கட்டுன நேரத்தப் பாரு… ஞாயித்துக்கிழம, பன்னெண்டு பத்து. இத யாரு ஏத்துனா?"

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பத்துக்கு அந்தப் பெட்டி மணப்பாட்டுப் பாறை இடுக்கில் ரோச்சின் இடுப்பில் இருந்தது. கேபிள் அவள் டிராயரில் இருந்தது.