தேரி மணலுக்குள் ஒரு முகம்

போன வருடம் ஆடி மாதம், காற்று உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் நடந்தது இது.

எங்கள் ஊர் திசையன்விளைக்குத் தெற்கே, தேரியை ஒட்டி இருக்கிறது. தேரி என்றால் செம்மணல் மேடு. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல், நடுநடுவே பனை, உடைமரம், முந்திரி காய்க்கும் கொல்லாமரம். நெல்லை என்றதும் ஆற்றையும் வயலையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "இதுவும் அந்த மாவட்டம்தானா?" என்று கேட்பார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஓவியர்கள் சிலர் இந்த மணலின் நிறத்துக்காகவே இங்கே வந்து தங்கினார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளை வாடகைக்கு எடுத்தார்கள். முதலில் தாளில் வரைந்தார்கள், அப்புறம் ஊர்ச் சுவர்களில் வரைந்தார்கள். ரேஷன் கடைச் சுவரில் மயில், பழைய அரிசி மில்லில் ஒரு பெரிய திமிங்கிலம், பள்ளிக்கூடக் காம்பவுண்டு முழுக்கப் பனங்காடு. அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வழி கேட்டவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே, தையல் மிஷினே கதி என்று இருந்த நான் ஊர் சுற்றிக் காட்டுகிறவளாகிவிட்டேன்.

வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெயில் ஏறும் முன் தேரிக்குப் போய்விடுங்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கி வந்ததும் பனையடியில் பதனீர் கிடைத்தால் விடாதீர்கள். வெயில் நேரத்தில் சுவர்ப் படங்கள், சாயங்காலம் கடல். எப்போது வேண்டுமானாலும் வாங்க, ஆடியில் மட்டும் வராதீங்க. ஆடியில் தேரி ஒரு இடத்தில் நிற்காது. நேற்றுப் பார்த்த மேடு இன்றைக்குப் பள்ளமாக இருக்கும், நடந்து வந்த தடம் திரும்பிப் பார்ப்பதற்குள் அழிந்துவிடும்.

அந்த ஆடியில்தான் அவர் வந்தார்.

பஸ் நிறுத்தத்து டீக்கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். போனால், அறுபதைத் தாண்டிய ஒருவர் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். இந்த வெக்கையிலும் ஒரு பழைய ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்திருந்தார். வாங்கிய டீயைக் குடிக்காமல் ஆறவிட்டிருந்தார்.

"படம் காட்டுதது நீதானாம்மா?" என்று கேட்டுவிட்டு, போனை எடுத்து நீட்டினார். யாரோ ஒரு கல்லூரிப் பெண் எங்கள் ஊர்ச் சுவர் ஒன்றின் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம். அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால், சுவரில் இன்னொரு பெண்ணின் நெற்றியும் கண்களும் மட்டும் தெரிந்தன. தலையில் துணி போர்த்தி, அதன் மேல் கூடைப் பட்டையை மாட்டியிருந்தாள், தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள்.

"இந்தப் படம் எங்கன இருக்கு?"

பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. அது தேரிக்குள் இருக்கும் ஒரு பழைய பம்புசெட்டு ரூம். தண்ணீர் வற்றிப்போய்க் கைவிட்டது. அதன் சுவரில் ஒரு ஓவியர் வரைந்த படம் அது. மேற்கே மலை மேல் இருக்கும் மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டுக்குப் போயிருந்தபோது மழையில் மாட்டிக்கொண்டதாகவும், தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீட்டுக்குள் கூப்பிட்டு டீ கொடுத்த ஒரு அம்மாவின் முகம் மனதை விட்டுப் போகவில்லை என்றும் அவர் சொல்லியிருந்தார். அவர் ஊரை விட்டுப் போயே ரொம்ப நாளாகிவிட்டது.

"இப்பம் போக முடியாது அண்ணாச்சி. மணலு கண்ணத் தெறக்க விடாது. புரட்டாசியில காத்து அடங்குனதும் வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது எம் பொஞ்சாதின்னு நெனைக்கேன்" என்றார்.

அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். மாஞ்சோலையிலேயே பிறந்து, மாஞ்சோலையிலேயே வேலை பார்த்தவர். அவர் மனைவி இறந்து, அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். பிறகு எஸ்டேட் குத்தகை முடிந்து, வேலையும் நின்று, எல்லாரும் கீழே இறங்க வேண்டியதாகிவிட்டது. இப்போது நெல்லைப் பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் மகனோடு இருக்கிறார்.

"மவன் இல்லங்கான். கொழுந்து பறிக்க பொம்பளைங்க எல்லாரும் ஒண்ணு போலத்தான் இருப்பாவ, நீங்க அலைய வேண்டாம்ங்கான். அவஞ் சொல்லுததும் சரியாத்தான் இருக்கும். ஆனா கண்ணு அவ கண்ணு மாதிரியே இருக்கு தாயி. மல மேல அவள வச்ச எடத்துக்கு பாரஸ்டுக்காரங்க விடாம நெனச்ச நேரம் போக முடியாது. இங்கன பஸ்ஸு வருது, அதான் வந்துட்டேன்."

அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை. ஒரு துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஸ்கூட்டியில் மண் பாதை முடியும் வரை போனோம், அப்புறம் நடை. காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. மணல் கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. மலைப்படியில் ஏறி இறங்கிப் பழகிய மனிதர், மணலில் கால் புதையப் புதையத் தடுமாறினார். "பைய வாங்க, பைய வாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பம்புசெட்டு ரூமுக்கு வந்து சேர்ந்தோம். படம் இருந்த பக்கம் மணல் மேடு ஏறிச் சாய்ந்திருந்தது. முக்கால் சுவரைக் காணோம். மேலே வெளியில் தெரிந்த பாகத்தையும் காற்று மணலால் தேய்த்துத் தேய்த்து வெளிற வைத்திருந்தது. கூடைப் பட்டை எது, தலைத்துணி எது என்று தெரியவில்லை.

இவ்வளவு தூரம் வந்தவரிடம் என்ன சொல்வது என்று நான் நிற்கும்போதே அவர் முட்டி போட்டுவிட்டார். இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளிப் பின்னால் தள்ளினார். அள்ள அள்ள மேலிருந்து சரிந்து வந்து நிரம்பியது. நான் ஓடிப்போய், விழுந்து கிடந்த பனை மட்டைகளை இழுத்து வந்து பக்கத்தில் தடுப்பாக ஊன்றினேன். ஒரு அகல மட்டையால் நானும் தள்ளினேன். பல்லுக்குள் மணல், இமைக்குள் மணல்.

முதலில் நெற்றி வந்தது. அப்புறம் கண்கள். அங்கேதான் நான் மட்டையைக் கீழே போட்டேன். மேலே வெளிறிப்போயிருந்த அதே சுவரில், மணலுக்குள் இருந்த பாகம் நேற்று வரைந்ததுபோல இருந்தது. கண்ணின் கறுப்பு, மூக்குத்தியின் சிவப்பு, எதுவும் அழியவில்லை. அவர் இன்னும் கீழே தோண்டினார். மூக்குக்குக் கீழே உதடு வரவில்லை, விரல்கள் வந்தன. அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதாக ஓவியர் வரைந்திருந்தார். எத்தனையோ பேரை அந்தச் சுவருக்கு அழைத்து வந்திருக்கிறேன். ஏன் வாயைப் பொத்தியிருக்கிறாள் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பதில் தெரியாது.

அவர் கை அப்படியே நின்றது.

"முன்பல்லு விழுந்ததுல இருந்து இப்பிடித்தான் பொத்துவா" என்றார். "இங்க யாருட்டி இருக்கா, நாந்தான இருக்கேன், கைய எடுன்னு சொல்லுவேன். எடுக்கவே மாட்டா."

முகத்துத் துண்டை அவிழ்த்து, சுவரில் ஒட்டியிருந்த மணலை, தூங்குகிறவளை எழுப்பாமல் துடைப்பது மாதிரித் துடைத்தார். பிறகு சுவரில் நெற்றியை வைத்துச் சாய்ந்துகொண்டார். நான் திரும்பிப் பனைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, போனை வாங்கி ஒரு படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். மகனிடம் காட்டலாமே என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வெளிறிய மேல் பாகத்தையும் பளிச்சென்ற கீழ்ப் பாகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மணலு மூடிக் கெடந்ததாலதான் இம்புட்டாவது இருக்கா, என்னம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் மூடிருவோம். இந்தக் காத்துல விட்டா அழிஞ்சு போவா."

நான் ஊன்றிய பனை மட்டைகளை அவரே பிடுங்கினார். அவ்வளவு பாடுபட்டு அள்ளிய மணலை இரண்டு கையாலும் திரும்பத் தள்ளினார். விரல்கள் மறைந்தன, மூக்குத்தி மறைந்தது. கண்கள் வரைக்கும் வந்ததும் கொஞ்சம் நின்றார். "இரு, வாரேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கடைசிப் பிடி மணலை அள்ளி வீசாமல், கையில் வைத்திருந்து பையப் பைய விட்டார்.

வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு போட்டேன். மீன்குழம்பை ருசித்துச் சாப்பிட்டார். மலையில் மீன் வருகிற நாள் பெரிய திருநாள் மாதிரி இருக்கும் என்றார். காலையில் கதவைத் திறந்தால் பனி வீட்டுக்குள் வந்துவிடும் என்றார். பேட்டையில் மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டால் லயன் வீட்டில் இருப்பதாகவே நினைத்து, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாராம். அன்றைக்கு அவர் வாயிலிருந்து குறை என்று எதுவும் வரவில்லை. மலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டே இருந்தார், அங்கேயே இன்னும் இருப்பவரைப் போல.

பஸ் வந்ததும் ஏறப் போனவர் ஏதோ சொல்ல வந்து நின்றார்.

"முன்னால்லாம் யாரு சோறு போட்டாலும், ஒருக்க எங்க ஊருக்கு வாங்கன்னு சொல்லிட்டு வருவோம். இப்பம் ஒன்ன எந்த ஊருக்கு வரச் சொல்ல?"

பஸ் கிளம்பிவிட்டது.

காற்று அடங்கி, மழையும் பெய்து முடிந்தபின், தையில் அந்த மேடு தானாகவே கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. போன் போட்டுச் சொன்னேன். மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் பட்டறையிலிருந்து நேராக வந்தவர்போல, கையில் கிரீஸ் கறையோடு இருந்தார். சுவர் தெரிந்ததும் அப்பாவை முந்திக்கொண்டு நடந்தார். நான் பனைகளுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது மகன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள், அந்தச் சுவருக்கு முன்னால் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் தடுப்பதில்லை. ஆனால் அங்கே வந்ததும் நான் பனைகளுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறேன். மற்றவர்களுக்கு அது அழகான ஒரு படம், ஒருவருக்கோ திரும்பிப் போக முடியாத ஊர் முழுவதும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது என்பது தெரிந்த பிறகு, எந்த ஊரையும் எந்த முகத்தையும் வெறும் வேடிக்கையாகப் பார்க்க என்னால் முடிவதில்லை.