கிணற்றுக்கு ஒரு சூடம்

ஊரப்பாக்கம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டோரத் தொழிற்சாலையில், எழுபதுகளின் நடுவில், நான் ஜூனியர் இன்ஜினியர். வண்டிகளுக்காக மண்ணுக்கடியில் புதைத்திருந்த பெட்ரோல் தொட்டி ஒழுகி, கேன்டீன் கிணற்றில் பெட்ரோல் வந்து சேர்ந்தது. டீ குடித்தவர்கள் பீடி பற்றவைக்கப் பயந்தார்கள்.

கிணறு சுத்தமாகும்வரை எனக்கு லீவு கிடையாது என்றுவிட்டார் மேனேஜர். அடுத்த மாதம் திருக்கழுக்குன்றத்தில் பெண் பார்க்க நாள் குறித்திருந்தது. ஏற்கெனவே மூன்று வரன் தட்டிப்போனவன் நான்.

வீட்டுக் கிணற்றைத் தூர் வாருவதுபோல, ஆள் வைத்து அடிமட்டம் வரை இறைத்தோம். தண்ணீர் இறங்க இறங்க, சுற்றுமண்ணில் ஊறிக் கிடந்த பெட்ரோல் எல்லாம் கிணற்றைத் தேடி வந்தது. தலையில் அடித்துக்கொண்டு இறைப்பதை நிறுத்தினேன். தொட்டியைத் தோண்டி எடுத்தோம். அதற்கும் கிணற்றுக்கும் நடுவே பெரிய பள்ளம் வெட்டி, அங்கே ஊறி மிதந்த பெட்ரோலை நாள்தோறும் வாளியில் மொண்டோம். ஒருவழியாக, பெண் பார்ப்பதற்கு முந்தின நாள் கிணறு தெளிந்தது.

எங்கள் ஃபோர்மேன் மகா பக்தர். தூர் வாரிய கிணற்றுக்குச் சூடம் காட்டாமல் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார். கிணற்றுப் பக்கம் நெருப்பே கூடாது என்று கத்தினேன். அவர் தட்டோடு தள்ளிப்போய்ச் சூடம் ஏற்றினார், பள்ளத்தின் விளிம்பில். நான் ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்குவதற்குள் குப்பென்றது. உயிருக்கு ஒன்றுமில்லை. என் இரண்டு புருவமும் பாதி மீசையும் போயின. அவருக்கு ஒரு முடி கருகவில்லை.

"கெணத்தாண்டதான சார் வாணாம்னீங்க? இது பள்ளமாச்சே."

மறுநாள் அக்கா கண்மையால் எனக்குப் புருவம் வரைந்துவிட்டாள். மலைக்கோயிலில் கழுகு பார்க்கப் போகிற கூட்டம் பஸ் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. பெண் வீட்டுக்குள் நுழையும்போதே மை கன்னத்துக்கு இறங்கிவிட்டது. பெண்ணின் அப்பா கேட்க, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பெண் காபி கொண்டுவந்தாள். ஒரு மாதப் பழக்கம், டம்ளரை வாங்கியதும் மூக்கருகே வைத்து மோந்துவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நாலாவதும் போச்சு என்று நினைத்தேன்.

"எங்க கெணத்துத் தண்ணிதான். தைரியமா குடிங்க" என்றாள் அவள். சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே ஓடிப்போனாள்.

கல்யாணத்தன்று சூடம் காட்டும்போதெல்லாம் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவள்தான் வேட்டி நுனியைப் பிடித்திழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.