கியர் பெட்டியில் ஆமணக்கெண்ணெய்

அந்தக் காரின் கியர் பெட்டியில் ஆமணக்கெண்ணெய் ஊற்றியவன் நான். கேட்டபோது தொடவே இல்லை என்று சொன்னவனும் நான். அந்த ஒரு வார்த்தையால் தர்மபுரியில் ஒரு நல்ல மெக்கானிக்குக் கெட்ட பெயர் வந்தது. சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன். அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. என் தாய்மாமன் டாக்டர். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து அவர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தார். இரண்டு பேர்தான் உட்காரலாம். கம்பிச் சக்கரம், துணிக்கூரை, தரையோடு ஒட்டினாற்போல உயரம். வாங்கும்போதே அதற்குப் பத்து வயது. பென்னாகரம் சாலையில் வண்டிக்காரர்கள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்திருந்தார்கள். டாக்டர் என்பதால் பெட்ரோல் கூப்பன் கிடைத்தது. மற்ற எதுவும் கிடைக்கவில்லை.

நான் பி.ஏ. முடித்துவிட்டு மாமா வீட்டில் இருந்தேன். ஐந்தாறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். தபால்காரர் வருவதற்குள் மூன்று தடவை தெருமுனைக்குப் போய்வருவேன். புத்தகத்தை எடுத்தால் பத்துப் பக்கம் தாண்டாது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். காரை ஓட்டும்போது மட்டும் மனம் ஒரு நிலையில் இருக்கும். மாமாவை நோயாளிகள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலையாயிற்று.

காரைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தார். மழை வந்தால் வேலை நின்றுவிடும். கியர் ஆயில் விஷயத்தில் அவரைப்போல் கண்டிப்பானவரை நான் பார்த்ததில்லை. வண்டி ஓடி வந்த சூட்டிலேயே பழைய ஆயிலை வடிப்பார். வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். வெள்ளி மினுக்கம் இருந்தால் கியர் பல் தேய்கிறது, பொன் மினுக்கம் இருந்தால் உள்ளே தண்டைத் தாங்கும் வெண்கல வளையம், அந்தப் புஷ், தேய்கிறது என்பார். புது ஆயில் எந்த டின்னில் வந்தாலும் நம்பமாட்டார். ஒரு கரண்டி ஆயிலைச் சூடாக்கி அதில் பித்தளை வாஷர் ஒன்றைப் போட்டுவைப்பார். வாஷர் கறுத்தால் அது கந்தகம் கலந்த ஆயில். பின் அச்சுக்கு ஆகும், இந்தப் பழைய பெட்டிக்கு ஆகாது, வெண்கலத்தைத் தின்றுவிடும். கறுக்காத ஆயிலை மட்டும் ஊற்றுவார். அப்படிப்பட்ட ஆயிலில் கடைசி டின் ஒன்று அவரிடம் இருந்தது. அதை எங்கள் காருக்கு ஊற்றினார்.

அந்தச் சமயம் சேலத்தில் ஒரு பஸ் கம்பெனிக்குத் தலைமை மெக்கானிக் தேவைப்பட்டது. முதலாளி மாமாவுடன் படித்தவர். மாமா ஒரு கடிதம் கொடுத்தால் வேலை பாய்க்குத்தான். சிமென்ட் தரை, ஓட்டுக்கூரை, கீழே பத்து ஆட்கள். அந்தச் சிமென்ட் தரையைப் பற்றி அவர் என்னிடம் இரண்டு தடவை பேசினார்.

ஆயில் மாற்றி மூன்று வாரம் இருக்கும். பாலக்கோட்டிலிருந்து திரும்பும்போது கியர் பெட்டி முனக ஆரம்பித்தது. கீழே குனிந்து பார்த்தேன். பின்பக்கம் ஆயில் கசிந்திருந்தது. பாய் ஆயில் தேடி ஈரோடு போயிருந்தார், நான்கு நாளில் வருவார் என்றார்கள். போகும்போது அவர் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். சத்தம் வந்தால் வண்டியை நிறுத்திவையுங்கள், வேறு எதையும் சேர்க்காதீர்கள் என்று.

நான்கு நாள் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டாம் நாளே கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். பந்தயக் கார்களில் ஆமணக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கல்லூரியில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். அது எஞ்சினுக்கு, அதுவும் சுத்தம் செய்த எண்ணெய் என்பதை நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் காட்டோரமெல்லாம் ஆமணக்கு. கொட்டையை வறுத்து இடித்துத் தண்ணீரில் காய்ச்சி எடுத்த எண்ணெய் எல்லா வீட்டிலும் இருக்கும். வண்டிக்காரர்கள் அதோடு வைக்கோல் கரியைக் குழைத்துத்தான் அச்சுக்குப் போட்டார்கள். ஊரே நம்பும் எண்ணெய், பத்திரிகையும் சொல்கிறது, வேறென்ன வேண்டும்? அத்தை தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சமையலறைச் சட்டியிலிருந்து அரைப்படி எடுத்துப் பெட்டியில் ஊற்றினேன். முனகல் உடனே நின்றது. அன்று மாலை ஏரியூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். பாயை விட எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் வெறுங்கையோடு திரும்பி வந்து கேட்டபோது, சத்தம் தானாக நின்றுவிட்டது என்றேன். அவர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். நான் நாளை, நாளை என்று தள்ளினேன்.

மாமா சேலத்துக்குப் புறப்பட்ட நாளில் பாய்க்கான கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கீழ் கியருக்கு மாற்றினேன். கியர் கம்பி பாதியில் நின்றது. உள்ளே ஏதோ கடித்த சத்தம். சக்கரம் பூட்டிக்கொண்டு கார் பக்கவாட்டில் இழுத்துப் பாறை ஓரம் போய் நின்றது. இருவருக்கும் அடி இல்லை. கம்பியை நெம்பி நியூட்ரலுக்குக் கொண்டுவரவே அரை மணி ஆயிற்று. பிறகு ஒரு ஜோடி மாட்டைப் பூட்டித் தவளையை ஊருக்கு இழுத்துவந்தோம்.

கொட்டகையில் இரண்டு லாரி டிரைவர்கள் இருந்தார்கள். பாய் அடியில் படுத்து வடிகால் நட்டைக் கழற்றினார். கறுப்பு ஆயில் வரவில்லை. அடியில் தங்கியிருந்த ஆமணக்கெண்ணெய் கோந்துபோல் முதலில் இறங்கியது. அந்தக் கோந்துதான் புஷ்ஷுக்கு ஆயில் போகும் துளையை அடைத்திருந்தது. பாய் விரலில் தொட்டு மோந்தார்.

"டாக்டருங்க, இது நான் ஊத்துனது இல்லீங்க. வூட்டுல காச்சுன ஆமணக்கெண்ணெய்ங்க."

மாமா என்னைப் பார்த்தார். "நீ ஏதாவது ஊத்துனியா?"

"நான் தொடவே இல்லீங்க மாமா."

நல்ல ஆயில் கறுப்புச் சந்தையில் தங்கமாய்ப் போன காலம். அதுவரை பாயிடம் நீங்க என்று பேசிய மாமா சொன்னார்: "டின்னை வித்துட்டு இதை ஊத்திட்டியாய்யா?"

பாய் அடியிலிருந்து எழுந்தார். என் கைகளைப் பார்த்தார். பிறகு தன் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது. படித்த டாக்டர் வீட்டுப் பையனின் பேச்சுக்கு எதிரே தன் பேச்சு நிற்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாமா கடிதத்தை எடுத்து அங்கேயே கிழித்தார். லாரி டிரைவர்கள் அன்று மாலைக்குள் செய்தியை ஊர் முழுக்கக் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பாடம் நடத்தும்போது பலகைக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். கொட்டகை இருக்கும் தெருவைத் தவிர்த்து ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவேன். போய்ச் சேர்ந்த பிறகு, கொட்டகை இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்க்கத் திரும்பி வருவேன். கார் சாக்கு மூடி மாமா வீட்டுக் கொட்டடியில் நின்றது.

ஒரு சந்தை நாளில் பாயை நேருக்கு நேர் பார்த்தேன். மோட்டார் வேலை எதுவும் வராமல் மாட்டு வண்டிக்குக் கடையாணி மாட்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரை ஆமணக்கெண்ணெயும் கரியும். வண்டிக்காரர் மேலே உட்கார்ந்தபடி, "பாயி, இதுக்காச்சும் நல்ல எண்ணெயா போடுங்க, பாதி வழியில வுட்டுடப் போவுது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாயும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

நேரே மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அவரு மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?" என்றார். புதிதாக ஒரு கடிதம் எழுதினார். கொண்டுபோக அவர் வரவில்லை. என் கையில் கொடுத்தார்.

பாய் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சேலத்தில் வேறு ஆளைப் போட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். முன்பெல்லாம் என்னைத் தம்பி என்பார்.

"சார், உங்க மாமாகிட்ட சொன்னீங்க, சரி. என்னைத் திருடன்னு அவுரு சொன்னது இங்க நின்னுல்ல?"

டீக்கடைக்குப் போனேன். அந்த இரண்டு டிரைவர்களில் ஒருவர் இருந்தார். எண்ணெய் ஊற்றியது நான், பாய் மேல் தப்பு இல்லை என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். அந்த டிரைவர், "வாத்தியாரே வந்து சொல்றாருன்னா பாய் வூட்டு விருந்து பலம்தான்" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள், வாத்தியாருக்கு மறை கழண்டுவிட்டது என்றார்கள். சிலர் நம்பினார்கள். எத்தனை பேர் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மாமா காரை மறுபடி பாயிடம் ஒப்படைத்தார். அவர் மறுக்கவில்லை. வெண்கலத்தில் புது புஷ் கடைந்து, பெட்டியைக் கழுவி மாட்டினார். எங்கிருந்தோ ஒரு டின் ஆயிலும் கொண்டுவந்தார். வாஷர் கறுக்கவில்லை. ஆனால் உடனே ஊற்றவில்லை. "கையை நீட்டுங்க சார்" என்று என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார். முன்பு அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதன் பிறகு, கடையை மூடும் வரைக்கும், எந்த வண்டிக்காரனையும் அப்படிக் கையை நீட்ட வைக்காமல் அவர் ஆயில் ஊற்றியதில்லை.

"மோந்து பாத்துச் சொல்லுங்க, என்ன எண்ணெய்னு."

"கியர் ஆயில்தாங்க."

அவர் டின்னைச் சாய்க்கவில்லை. சாலையில் லாரியோரம் நின்ற டிரைவர்களைப் பார்த்தார்.

"அவங்களுக்குக் கேக்கல."

நான் சத்தமாகச் சொன்னேன். அதன் பிறகுதான் ஊற்றினார்.