சொல்லாமல் போன பட்டாளம்

செந்துறை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு வாரமாக ஒரே பேச்சு. நட்பு நாட்டுப் பட்டாளம் தங்க நம் மண்ணில் இடம் கொடுக்கலாமா கூடாதா என்று டிவியில் யாரோ விவாதம் நடத்தப்போக, இங்கே பேப்பர் படிக்காதவன்கூடத் தளபதி ஆகிவிட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தக் கேள்விக்கு உடம்பைக் கொடுத்துப் பதில் தெரிந்துகொண்ட மனிதர் மூலை பெஞ்சில் இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் என் பெரியப்பா மகன் வைத்திலிங்கம். பாடாலூர் ஹைவே ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். அவர் மாவு வீசுவதை வேடிக்கை பார்க்கவே லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டுவார்கள். வளைகுடாவில் கேம்ப் மெஸ்ஸில் வேலை என்று ஏஜென்ட் சொன்னபோது, நம் ஊர் ஆட்கள் கூட்டமாகத் தங்கும் லேபர் கேம்ப் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போய் இறங்கிய பிறகுதான் அது ராணுவத் தளம் என்று தெரிந்தது. அந்த நாட்டுக்கு வேண்டிய ஒரு வல்லரசு அங்கே விமானங்களோடு குடியிருந்தது.

அண்ணி பரிமளா போனில் அழுதார்.

"அட, துப்பாக்கி வச்சுக்கிட்டு நாட்டையே காவல் காக்குறானுவ. இதவிடப் பத்திரமான எடம் எங்க இருக்கு?" என்று அண்ணன் அடக்கினார். அந்த நாட்டுக்காரர்களும் அப்படித்தான் நம்பினார்கள். இவர்கள் இருக்கும்வரை எவனும் நம்மேல் கை வைக்க மாட்டான் என்று மெஸ் சூப்பர்வைசர் பெருமையடிப்பாராம்.

ஜேசன் என்றொரு சிப்பாய்க்கு அண்ணனின் பரோட்டா மேல் உயிர். சாப்பிட்டதும் பேசாமல் எழுந்து போனவனை நிறுத்தி, எங்கள் ஊரில் சொல்லாமல் கிளம்பக் கூடாது, வெறுமனே 'போறேன்' என்றும் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து அவன் தட்டை வைத்ததும் நாக்குப் புரளாமல் "போயித்து வரேன்" என்பான். அவனைப் பார்த்து மொத்த வரிசையும் சொல்ல ஆரம்பித்தது. "நம்ம வூட்டுப் புள்ளைங்க மாரி" என்று அண்ணன் போனில் பூரித்துப்போனார்.

பிறகு அந்த நாட்டுக்கும் அதன் பக்கத்து நாட்டுக்கும் தகராறு முற்றியது. ஒரு நாள் காலை எல்லோரும் அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். ஒருவனும் சொல்லவில்லை. ஜேசன் தரையைப் பார்த்துக்கொண்டே போனான். ஏதோ வேலை அவசரம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. வெளியே எட்டிப் பார்த்தால் விமானங்கள் நின்ற இடம் காலி. சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. வந்துவிடுவார்கள் என்று அண்ணன் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பைச் சூடாக்கினார். அப்போதுதான் சைரன் அடித்தது. எங்கே ஓடி ஒளிவது என்று சமையல்காரர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. ஏவுகணை விழுந்ததில் அவருடைய வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

குண்டு வரப்போவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. படுக்கை விரிப்பைக்கூட மடித்து எடுத்துப் போயிருக்கிறார்கள். சமைத்துப் போட்டவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதெல்லாம் நமக்கு மட்டும்தான் போல. நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

"வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்குற கதைதான்" என்றார் டீக்கடைக்காரர், இன்றும் அதே பேச்சு கிளம்பியபோது.

"அட நீங்க வேற. கூட்டாளி இருந்தாத்தான எதிரி பயப்படுவான்?" என்ற எதிர் பெஞ்சு அன்பழகன், மூலைக்குத் திரும்பினான். "வைத்தி அண்ணே, நீங்க உள்ளாறயே இருந்தவரு. எடம் குடுக்கலாமா, சொல்லுங்க."

அண்ணன் கிளாஸை வைத்தார்.

"குடுக்குறதும் குடுக்காததும் பெரியவங்க பாடு. வர்றப்ப எல்லாரும் நல்லாத்தான் பேசுவானுவ. கெளம்புறப்ப சொல்லிட்டுக் கெளம்புவானான்னு மட்டும் கேட்டுக்கச் சொல்லு."

துண்டை எடுத்து மொட்டைக் கையின் மேல் போட்டுக்கொண்டார். கடைக்காரரிடம், அன்பழகனிடம், என்னிடம், தனித்தனியாக முகத்தைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.