கோமதி பாஸானாளா

போன வாரம் என் மகள் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "உனக்குப் பிடிக்கும்மா, பாரு" என்றாள். வெள்ளை வெளேரென்ற ஒரு சமையலறையில் நின்றுகொண்டு ஒரு பெண் சிக்கனமாக வாழ்வது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை அந்தச் சமையலறைக்குள் இரண்டு முறை வைக்கலாம். பின்னால் புல்லாங்குழல் வேறு. தனக்குப் பிடித்த புத்தகங்கள் என்று ஒரு அலமாரியைக் காட்டினாள். சிக்கனத்துக்குச் சில, கைவேலைக்குச் சில, சும்மா படிக்கச் சில. எல்லாவற்றையும் நிறம் பார்த்து அடுக்கியிருந்தாள். புத்தகத்தை நிறம் பார்த்து அடுக்குகிறவள் திறந்து பார்த்திருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

யாரோ பெற்ற பெண், நமக்கென்ன என்று போனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அப்போதுதான் அவள் அடுப்பில் மைதாவைக் கரைத்து ஊற்றி, கிழிந்த புத்தகத்துக்குப் பசை காய்ச்ச ஆரம்பித்தாள்.

"துத்தம் போடலையே இவ" என்றேன்.

"எது?" என்றாள் மகள்.

மயில்துத்தம். நீலமாகக் கற்கண்டு மாதிரி இருக்கும். பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் ஒரு சிட்டிகை போடுவார்கள். போடாவிட்டால் பூச்சிக்கு அது கல்யாணச் சாப்பாடு. இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடிப்பதற்குள் அவள் வேறு அறைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் பசை வாசனை ஏறிவிட்டது. போனில் வாசனை வராது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் ஏறியது. அதன் பின்னாலேயே சரோஜாக்காவும் வந்துவிட்டாள். கூப்பிடாமல் வருவது அவளுக்குப் பழக்கம்.

சரோஜாக்கா என் வீட்டுக்காரரின் அக்கா. அவள் புருஷன் மிலிட்டரியில் எங்கோ வடக்கே இருந்தார். அதனால் அவளும் அவள் பையனும் எங்களோடுதான் இருந்தார்கள். எங்களோடு என்று நான்தான் சொல்கிறேன். அவளைக் கேட்டால் நான்தான் அவர்களோடு இருந்தேன் என்பாள். ரயில் லைனுக்குப் பக்கத்தில் ஒன்றரை அறை. ஒவ்வொரு ரயிலுக்கும் சாமான்கள் மேலே நடுங்கும். நான் கீழே நடுங்குவேன். ஸ்டவ் கவிழுமா, கூரை ஓடு விழுமா, தண்டவாளத்தை விட்டு எஞ்சினே இறங்கி வீட்டுக்குள் வந்துவிடுமா என்று. "ரயிலு வந்தா உனக்கு டிக்கெட்டு எடுக்காம போயிடும்னு பயமா?" என்பாள் சரோஜாக்கா. அவளுக்கு எதற்கும் பயம் கிடையாது. பயமில்லாதவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது பெரிய தண்டனை. அவர்களுடைய பயத்தையும் சேர்த்து நாமே படவேண்டும்.

வீட்டில் வாரம் ஒரு தமிழ்ப் பத்திரிகை வாங்குவோம். ஸ்டேஷன் பக்கத்துப் பெட்டிக்கடையில் வந்து இறங்கும். அது ஒன்றுதான் எங்கள் ஆடம்பரம். எனக்கு அதில் தொடர்கதை. சரோஜாக்காவுக்குப் பெண்கள் பகுதி: பழைய புடவையில் மிதியடி, தேங்காய் ஓட்டில் கரண்டி, மிஞ்சின சாதத்தில் வடகம், ஸ்வெட்டர் டிசைன், ஒயர் கூடை. அந்தக் காலத்தில் தொடர்கதையைப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் பைண்ட் செய்து புத்தகமாக்கிக்கொள்வோம். கடையில் விற்கிற புத்தகம் வாங்க நமக்கு ஏது வசதி? நமக்கு நாமே பிரசுரகர்த்தர். சரோஜாக்காவும் தன் பங்குக்குக் குறிப்புகளை வெட்டி, பழுப்புத்தாளில் மைதாப் பசை தடவி ஒட்டி, ஒரு தடிப் புத்தகம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

இதில் என்ன சண்டை என்று கேட்கிறீர்களா? ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே. அதுதான் சண்டை.

அந்தப் பத்திரிகைக்காரன் எங்கள் வீட்டைக் கெடுப்பதற்காகவே பிறந்தவன். கதை ஒரு பக்கத்தில் முடியும். அதே தாளின் அந்தப் பக்கத்தில் ஸ்வெட்டர் டிசைன் ஆரம்பிக்கும். நான் தாளை எடுத்துக்கொண்டால் அவளுக்கு ஸ்வெட்டர் போச்சு. அவள் டிசைனை வெட்டினால் என் கதையில் ஜன்னல் விழும். கதாநாயகன் "நான் உன்னை" என்பான். அப்புறம் ஜன்னல். ஜன்னல் வழியாக அடுத்த அத்தியாயத்துப் படத்தில் ஒரு மாமியார் முறைப்பாள்.

"முன்பக்கத்தை வெட்டிட்டியேக்கா" என்பேன்.

"எது முன்பக்கம்? எனக்கு இதான் முன்பக்கம். உன் கதைதான் பின்னாடி ஒட்டிக்கினு கீது."

"கதைக்குத்தானே ஜனங்க வாங்கறாங்க?"

"கத படிச்சா வயிறு ரொம்புமா? குளிருக்குப் போர்த்திக்கத்தான் முடியுமா?"

பெங்களூர் குளிரைக் காட்டி அவள் எந்தச் சண்டையையும் ஜெயித்துவிடுவாள். அவள் பின்னிய ஸ்வெட்டரைத்தான் நானும் போட்டுக்கொண்டிருப்பேன், கழுத்து இறுக்கமாக. வேண்டுமென்றே இறுக்கிப் பின்னியிருக்கிறாள் என்பது என் கட்சி.

ஒரு நாள் இந்த இரைச்சல் தாங்காமல் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் இரண்டு பக்கமும் படிக்காத மனுஷர். "ரெண்டு காப்பியா வாங்கிடலாமே" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். ஒரே வீட்டில் ஒரே பத்திரிகை இரண்டு. "இன்னாடா பேசற நீ?" என்றாள் சரோஜாக்கா. "உங்களுக்குக் காசு மரத்துலயா காய்க்குது?" என்றேன் நான். அன்று முழுதும் அவரை மாற்றி மாற்றித் திட்டினோம். எனக்குத் தெரிந்து நானும் அவளும் ஒரே பக்கமாக நின்றது அந்த ஒரு நாள்தான். சிக்கனம் என்று ஆரம்பித்துவிட்டால் அது புத்தியையும் சிக்கனமாக்கிவிடுகிறது. இரண்டு காப்பி வாங்கியிருந்தால் இதை எழுத எனக்கு வேலையே இருந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் கோமதி வந்தாள். தொடர்கதைக் கோமதி. ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். பாதியில் படிப்பை விட்டவள். முப்பது வயதுக்கு மேல் பத்தாவதைப் பிரைவேட்டாகப் பணம் கட்டி எழுதுகிறாள். கணக்கு வரவில்லை, ஊர் சிரிக்கிறது, மெஷினில் கால், மடியில் புத்தகம். எழுதினவர் ஆணா பெண்ணா தெரியாது. யாராயிருந்தாலும் என்னை எங்கோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, தண்ணீர் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என் படிப்பின் கதை. கல்யாணமாகி வந்து ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக்குப் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். அங்கே எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவர்களைச் செக்கராகப் போடுவார்கள். செக்கருக்கு உட்கார ஸ்டூல் உண்டு. எனக்கு அந்த ஸ்டூல்மேல் ஒரு கண். மல்லேஸ்வரத்தில் ஒரு டுடோரியல் இருந்தது. வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். ஃபெயிலானால்? சரோஜாக்காவுக்குத் தெரிந்தால்? தெரிந்துதான் இருந்தது.

"இன்னா மேடம், ஸ்கூலுக்குப் போகப் போறீங்களாமே. டிபன் பாக்ஸ் நான் கட்டித் தரவா?"

சில பேர் சாமி முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுக் கேட்பார்கள் இல்லையா, நான் கோமதியைப் போட்டுக் கேட்டேன். கோமதி பாஸானால் நானும் பரீட்சைக்குப் பணம் கட்டுவது. ஃபெயிலானால் பேசாமல் நூல் வெட்டுவது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. வாராவாரம் பரீட்சை ஹால் வாசலில் நிற்கிற மாதிரி பெட்டிக்கடையில் நின்றேன்.

கடைசி அத்தியாயம் வந்த வாரம் நான் ஊரில் இல்லை. கோலார் தங்கவயலில் அம்மா வீட்டில் இருந்தேன், அம்மாவுக்கு மறுபடி முடியவில்லை. பத்து நாள் கழித்துத் திரும்பிவந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பத்திரிகையைத் தேடினேன். இருந்தது. ரிசல்ட் பேப்பர் வந்துவிட்டது, கோமதி அதைப் பிரிக்கிறாள், விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே போகிறாள். அங்கே ஜன்னல். பெரிய ஜன்னல். பக்கத்தின் அடிவரைக்கும்.

சரோஜாக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுல இருந்தது எங்கக்கா?"

"ரெண்டு கலர் நூல்ல கைக்கொழந்த ஸ்வெட்டரு. ரொம்ப நாளா தேடிக்கினு இருந்தேன்."

"அதுக்குப் பின்னாடி என்ன போட்டிருந்தது?"

"பின்னாடி எதுக்கு நான் பாக்கணும்?"

ஓடிப்போய் அவள் புத்தகத்தைத் திறந்தேன். ஒட்டி, காய்ந்து, கல்லாகியிருந்தது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினேன். புடைத்துக்கொண்டிருந்த முறம் என் முதுகில் விழுந்தது. அடித்தாளா, கை தவறியதா என்பது இன்றுவரை தீராத வழக்கு. பெட்டிக்கடைக்கு ஓடினேன். மிச்சக் காப்பியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். "கல்யாணம் ஆயிருக்கும்மா. எல்லாக் கதையிலயும் அதானே ஆவுது" என்றார் கடைக்காரர். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது ஐயா, பரீட்சைதான் வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நான் பரீட்சைக்குக் கட்டவில்லை. இத்தனை வருஷம் கழித்து யோசித்தால் அபத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு கதைக்காரி பாஸானாளா என்று தெரியாததற்காக ஒருத்தி பரீட்சையே எழுதாமல் விடுவாளா? விடுவாள். பயந்தவளுக்குச் சாக்கு கிடைத்தால் போதும் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் சாக்கை வெட்டி எடுத்துக் கையில் கொடுத்தவள் ஒருத்தி இருக்கிறாளே. கார்மெண்ட்ஸ் மூடுகிற வரைக்கும் நான் நின்றுகொண்டேதான் நூல் வெட்டினேன். கால் நரம்பு சுருண்டுகொண்டதற்கு டாக்டர் ஏதேதோ காரணம் சொல்கிறார். எனக்குக் காரணம் ஒன்றுதான், கைக்குழந்தை ஸ்வெட்டர்.

வீடியோ பார்த்த மறுநாள் மல்லேஸ்வரத்துக்குப் பஸ் ஏறினேன். சரோஜாக்கா அங்கேதான் இருக்கிறாள், பையனோடு, லிஃப்ட் வைத்த கட்டடத்தில். லிஃப்ட் நடுவில் நின்றுவிடும் என்று நான் படியேறிப் போனேன்.

"வாம்மா. இன்னும் லிஃப்ட்டுக்குப் பயமா?" என்றாள் மூச்சுக்கூட வாங்காமல். எனக்குச் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி. அவளுக்கு ஒன்றும் கிடையாது. எண்பதை நெருங்குகிறவளுக்குக் கண்ணாடி இல்லாமல் ஊசி கோக்க வருகிறது, விரல்தான் மடங்கவில்லையாம், பின்னுவதை விட்டு வெகுநாளாகிறதாம். நல்லது என்று மனசுக்குள் நினைத்தேன்.

"அந்தப் புத்தகம் இருக்காக்கா?"

எந்தப் புத்தகம் என்று அவள் கேட்கவில்லை. பீரோவிலிருந்து எடுத்துவந்தாள். அந்தப் பக்கத்தையும் அவளே திறந்தாள். ஸ்வெட்டர் அப்படியே இருந்தது, மஞ்சளும் பச்சையும்.

"இத மட்டும் ஆவி காட்டி உரிச்சுப் பார்க்கட்டுமா? இட்லிப் பானை ஆவி போதும்."

"உரிச்சா டிசைனு கிழிஞ்சிடும்."

"நீதான் பின்னறதே இல்லையே."

"அதுக்கு? நீ மட்டும் இனிமே எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போறியா?"

புத்தகத்தை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன். அவள் காபி கொண்டுவந்து வைத்தாள், எனக்குச் சர்க்கரை போடாமல். ஞாபகம் வைத்திருக்கிறாள். எதிரிக்குத்தான் நம் நோயெல்லாம் ஞாபகம் இருக்கும்.

"நான் போன அப்புறம் எடுத்துக்கோ. பையன்கிட்ட சொல்லி வெக்கறேன்" என்றாள்.

அவள் போன அப்புறமாம். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் போவார்கள் என்று அந்தக் கட்டட வாட்ச்மேனைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவான்.

தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். பழுப்புத்தாள் கெட்டி, ஒரு எழுத்தும் தெரியவில்லை. ஆனால் ஊசிமுனை அளவில் வெளிச்சம் அங்கங்கே பொத்துக்கொண்டு வந்தது. ஸ்வெட்டரின் கழுத்தில் மூன்று, கையில் இரண்டு. பூச்சி. துத்தம் போடுக்கா என்று நான் அன்றே சொன்னேன். பைண்டர் போடுவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். "மாவே தண்டம், இதுல மருந்து வேற" என்றாள் அன்று.

"பூச்சி அரிக்குதுக்கா."

"வேப்பில வெச்சா சரியாப்பூடும். அதுவும் இதுலயே ஒரு பக்கத்துல கீது" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அந்தப் பத்திரிகை நின்றுபோய்விட்டது. மகள் போனில் துழாவிப் பார்த்தாள், பழைய இதழ் எங்கும் இல்லையாம். ஒக்கலிபுரத்து வீடு இல்லை, பெட்டிக்கடை இருந்த இடத்தில் ஒரு மேம்பாலத் தூண் நிற்கிறது. மல்லேஸ்வரத்து டுடோரியலில் இப்போது முடி வெட்டுகிறார்கள். கோமதியின் ரிசல்ட் இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே இடம் என் எதிரியின் பீரோ. அங்கேயும் பூச்சி படித்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பார்க்காமல்.

இறங்கி வந்ததும் மார்க்கெட்டில் நாட்டுமருந்துக் கடையைத் தேடிப்பிடித்து மயில்துத்தம் கேட்டேன். காய்ந்துபோன பசைக்கு இனிமேல் போட்டுப் பிரயோஜனமில்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்டேன். கடைப்பையன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, கிலோ பாக்கெட்டாகத்தான் வரும், ஆர்டர் போடட்டுமா ஆண்ட்டி என்றான்.

ஒரு சிட்டிகை போதும்ப்பா என்றேன்.

சிட்டிகையெல்லாம் இப்போது யாரும் விற்பதில்லையாம்.