பஸ்ஸில் கேட்ட என் குரல்

இன்று சாயங்காலம் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் என் மாணவி செல்வி. என்னைக் கவனிக்கவில்லை.

திடீரென்று என் குரலே கேட்டது. அவள் போனில், நான் காலேஜில் நடத்திய புள்ளியியல் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. "வகுப்பைப் போனில் பதிவு பண்ணிக்கிட்டு, பஸ்ல வரும்போது கேளுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னதே நான்தான். பெருமையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கண்டக்டர் வந்தார். செல்வி டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தபோது போனில் என் குரல் கத்தியது:

"செல்வி, இதுகூடப் புரியலையா? மண்டையில என்ன களிமண்ணா?"

அடுத்து, வகுப்பு மொத்தமும் சிரிக்கிற சத்தம். கண்டக்டரும் சிரித்துவிட்டார்.

அப்படிச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை.

"செல்வி" என்றேன். திரும்பிப் பார்த்தவள் பதறி எழுந்துவிட்டாள்.

"ஐயோ மேடம்! எப்பவும் அந்த இடத்தைத் தள்ளிடுவேங்க. டிக்கெட் வாங்குனதுல விட்டுப்போச்சு."

தப்பு அவளுடையது மாதிரி சொன்னாள்.

"தப்பு என்னோடதும்மா. அதை அழிச்சிடு, நாளைக்கு மறுபடி நடத்துறேன்."

"வேணாங்க மேடம். திட்டுனதுக்கு அப்புறம்தான் நல்லாப் புரியிற மாதிரி சொல்லியிருக்கீங்க."

அரியலூர் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன்.

அன்று சிரித்த பிள்ளைகள் முன்னாடியே நாளைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். அதையும் பதிவு பண்ணிக்கொள்ளட்டும்.

வாத்தியார் வேலை பார்க்கிற நண்பர்களே, உங்க வகுப்பை நீங்க ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா? தைரியம் உள்ளவங்க மட்டும் சொல்லுங்க.